‘3-2’ திட்டமா, ஒரே வளாகமா?

அமெரிக்காவில் கலைப் பட்டத்தையும் பொறியியல் பட்டத்தையும் சேர்த்து வாங்க இரண்டு வழிகள் உண்டு. ‘3-2’ என்றால் சிறு கலைக் கல்லூரியில் 3 ஆண்டு, பிறகு கொலம்பியா போன்ற பல்கலைக்கழகத்தில் 2 ஆண்டு, முடிவில் பி.ஏ. (கலை), பி.எஸ். (பொறியியல்) இரண்டும் கிடைக்கும். இல்லையென்றால் ஒரே பல்கலைக்கழகத்தில் இரண்டையும் படிக்கலாம், பெரும்பாலும் 5 ஆண்டு.

3-2-இல் பலர் சறுக்குவது முன்தேவைப் பாடங்களில்தான். பன்மாறி நுண்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள், வேதியியல், பெரும்பாலும் நிரலாக்கமும் மூன்றாம் ஆண்டுக்குள் முடிந்திருக்க வேண்டும். இயற்பியலை நுண்கணிதத்தோடு படித்திருக்க வேண்டும். எளிய இயற்பியல் செல்லாது. சிறு கல்லூரியில் சில பாடங்கள் ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும். ஒன்றைத் தவறவிட்டால் ஓராண்டு போச்சு. அதனால் முதல் பருவத்திலேயே நுண்கணிதத்தைத் தொடங்கிவிடுங்கள். கல்லூரி தரும் உதவித்தொகையும் பொதுவாகக் கூடவே வராது. புது இடத்தில் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். நண்பர்கள் பட்டம் வாங்கப்போகும் ஆண்டில் ஊர் மாறுவது மனத்துக்கும் பாரம்தான்.

ஒரே வளாகத்தில் இந்த இடமாற்றம் இல்லை. ஆனால் பிற்பகல் ஆய்வகமும் இலக்கிய வகுப்பும் ஒரே நேரத்தில் வந்து மோதும். பருவந்தோறும் சுமையும் கூடும்.

பொறியியல் உறுதி என்றால் ஒரே வளாகமே மேல். இன்னும் தடுமாறுபவருக்கு 3-2 நல்லது: பொறியியலை விட்டாலும், நான்காம் ஆண்டைக் கலைக் கல்லூரியிலேயே முடித்து பி.ஏ. வாங்கிவிடலாம்.