பாதுகாப்பான வெளிநாடு எது? சிங்கப்பூர், துபாய், ஜெர்மனி, கனடா: ஓர் ஒப்பீடு

உலக அமைதிக் குறியீட்டில் 2008 முதல் ஐஸ்லாந்துதான் முதலிடம். நல்லது. ஆனால் திருச்சியிலிருந்தோ மதுரையிலிருந்தோ கிளம்புகிறவருக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. நம் ஆட்கள் உண்மையில் யோசிப்பது நான்கைந்து நாடுகளைத்தான். அதில் சிங்கப்பூர், துபாய், ஜெர்மனி, கனடா நான்கையும் எடுத்துக்கொள்கிறேன். போகிறவர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர், படித்த வேலைக்குப் போகிறவர், இன்றோ நாளையோ குடும்பத்தையும் அழைத்துக்கொள்ளப் போகிறவர் என்று வைத்துக்கொள்வோம்.

தரவரிசைப் பட்டியல்களை நம்பி முடிவெடுப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அமைதிக் குறியீடு என்பது ராணுவச் செலவு, அண்டை நாட்டோடு பகை எல்லாவற்றையும் சேர்த்துப் போடும் கணக்கு. நம்பியோ தளத்தின் பட்டியல், ஊர்க்காரர்களிடம் ‘ராத்திரி தனியாக நடக்கப் பயமா?’ என்கிற மாதிரிக் கேள்விகள் கேட்டுத் தொகுப்பது. அதனால்தான் அபுதாபி இரண்டாவது பட்டியலில் வருஷா வருஷம் உச்சியில் நிற்கிறது, முதலாவதில் அமீரகம் அவ்வளவு மேலே வருவதில்லை. இரண்டிலும் பொய் இல்லை, அளப்பதுதான் வேறு வேறு. நம் குடும்பங்களை வெளிநாட்டில் நிலைகுலைய வைக்கும் விஷயங்கள் வேலை போவது, உடம்புக்கு வருவது, தெரியாமல் சட்டத்தில் சிக்குவது. இவை அந்தப் பட்டியல்களில் சரியாக வருவதே இல்லை.

தெரு

இதை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் இதில் பெரிய விவாதம் இல்லை. சிங்கப்பூரும் துபாயும் நமக்குப் பழகிய எந்த ஊரையும்விடப் பாதுகாப்பானவை. பெண்கள் இரவு பதினொரு மணிக்கு ரயிலில் வீடு திரும்புவது அங்கே சாதாரணம். துபாய் மெட்ரோவில் பெண்களுக்கென்று தனிப் பெட்டியும் உண்டு. ஜெர்மனி பொதுவாக அமைதிதான் என்றாலும் பெரிய நகரங்களின் ரயில் நிலையப் பகுதிகள் வேறு உலகம். பிராங்பர்ட் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே போதைப் பழக்கக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள், முதல் நாள் பார்க்கிறவருக்குத் திக்கென்று இருக்கும். கனடாவின் டொரான்டோ சப்வேயில் 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் அடுத்தடுத்து தாக்குதல்கள் நடந்து, கூடுதல் போலீஸ் போட வேண்டி வந்தது. அதே நாட்டில் பிராம்ப்டன், சர்ரே பக்கம் தெற்காசிய வியாபாரிகளைக் குறிவைத்துப் பணம் கேட்டு மிரட்டுவதும் சில வருஷங்களாகத் தொல்லையாக இருக்கிறது. மாதச் சம்பளக்காரரை அது நேரடியாகத் தொடுவதில்லை. கடை வைக்கிற எண்ணம் இருந்தால் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இனவெறி நான்கிலும் உண்டு, வடிவம்தான் மாறும். சிங்கப்பூரில் வீடு தேடும்போது ‘இந்தியர்களுக்கு இல்லை’ என்று வீட்டுக்காரர்கள் சுற்றி வளைத்துச் சொல்வதைக் கேட்க வேண்டி வரும். தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக இருக்கும் நாட்டில் இது. துபாயில் ஒரே வேலைக்கு பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சம்பளம் போடுவது ஊரறிந்த விஷயம். ஜெர்மனியில் குடியேற்றத்தை எதிர்க்கும் ஏஎஃப்டி கட்சி 2025 பிப்ரவரித் தேர்தலில் 20.8 சதவீத ஓட்டோடு இரண்டாம் இடம் பிடித்தது. கிழக்கு மாநிலங்களில் அதன் பலம் இன்னும் அதிகம். மியூனிக்கிலும் கிழக்கே இருக்கும் டிரெஸ்டனிலும் ஒரே மாதிரி வேலை கிடைத்தால் நான் வாடகையைப் பார்க்காமல் மியூனிக் என்பேன்.

வேலை போனால்

இங்கேதான் நான்கு நாடுகளும் உண்மையில் பிரிகின்றன.

சிங்கப்பூரில் படித்த வேலைக்கான அனுமதியான எம்ப்ளாய்மென்ட் பாஸ் கம்பெனியோடு கட்டப்பட்டது. கம்பெனி அதை ரத்துசெய்தால் பொதுவாக 30 நாள் தங்கலாம். அந்த 30 நாளில் என்னவெல்லாம் நடக்கிறது என்று பாருங்கள். வெளிநாட்டு ஊழியர் வேலையை விட்டால் கம்பெனி வரித் துறைக்குக் கணக்குக் கொடுத்து, வரி தீரும்வரை கடைசிச் சம்பளத்தைப் பிடித்துவைக்க வேண்டும் என்பது சட்டம். ஆக, பணம் மிகவும் தேவைப்படும் மாதத்தில்தான் சம்பளம் கைக்கு வராது. வீட்டு வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் இரண்டு வருஷத்துக்கு இருக்கும். ‘டிப்ளமேட்டிக் கிளாஸ்’ என்ற ஒரு ஷரத்து அதில் இருந்தால்தான் வேலை போனதைக் காட்டி நடுவில் வெளியேற முடியும், அதுவும் வழக்கமாக முதல் வருஷம் முடிந்த பிறகுதான். கையெழுத்துப் போடும் முன் அந்த ஷரத்தைத் தேடிப் படியுங்கள். குழந்தையின் பள்ளிக்கூடமும் மனைவி உடன் தங்குவதற்கான டிபென்டன்ட் பாஸும் இதே நூலில் தொங்குகின்றன. வேலையில்லாக் காலத்துக்கென்று அரசு உதவி எதுவும் வெளிநாட்டவருக்குக் கிடையாது.

துபாய் முன்பு இதைவிட மோசமாக இருந்தது. இப்போது கொஞ்சம் தேறியிருக்கிறது. 2022 சீர்திருத்தத்துக்குப் பிறகு விசா வகையைப் பொறுத்து 180 நாள் வரை அவகாசம் உண்டு. 2023 ஜனவரி முதல் வேலையிழப்புக் காப்பீடு கட்டாயம். மாதம் 5 அல்லது 10 திர்ஹாம்தான் சந்தா. ஒரு வருஷம் கட்டியிருந்தால் அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதம், அதிகபட்சம் மூன்று மாதம் கிடைக்கும். ‘அடிப்படை’ என்பதைக் கவனிக்கவும். மொத்தச் சம்பளத்தில் பாதியை வீட்டுப்படி, பயணப்படி என்று பிரித்துக் காட்டும் கம்பெனிகள் அங்கே நிறைய. கிராஜுவிட்டியும் அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடுவார்கள்: முதல் ஐந்து வருஷத்துக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், அப்புறம் 30 நாள். ஆஃபர் லெட்டரில் மொத்தத் தொகையைப் பார்த்துப் பூரித்துப்போகாமல் அந்த ஒரு வரியைப் பேரம் பேசுங்கள்.

துபாயின் இன்னொரு முகம் கடன். வேலையை விட்டதும் வங்கி கணக்கை முடக்குவதும், கடன் வழக்கில் பயணத் தடை விழுவதும் அங்கே பழகிப்போன கதை. வாடகைக்கே முன்தேதியிட்ட காசோலைகள் கொடுக்கிற ஊர் அது. பணமில்லாமல் காசோலை திரும்புவது 2022 முதல் பெரும்பாலும் குற்ற வழக்கு ஆவதில்லை என்றாலும் வசூல் வழக்கு வரும். கார் லோன், பர்சனல் லோன், கிரெடிட் கார்டு மூன்றும் வைத்திருப்பவருக்கு துபாய் பாதுகாப்பான நாடு இல்லை. கடனில்லாதவருக்கு நல்ல நாடு.

ஜெர்மனிக்கு வாருங்கள். படித்த வெளிநாட்டு ஊழியருக்கான அனுமதியான ப்ளூ கார்டில் இருப்பவர் வேலை இழந்தால் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். புது வேலை தேட மூன்று மாதமாவது கிடைக்கும், அதிக நாள் இருந்தவருக்கு ஆறு மாதம் வரை நீளும். பன்னிரண்டு மாதம் காப்பீட்டுத் தொகை கட்டியிருந்தால் நிகரச் சம்பளத்தில் 60 சதவீதம், குழந்தை இருந்தால் 67 சதவீதம் உதவித்தொகை வரும். ஆறு மாதம் வேலையில் இருந்துவிட்டால், சின்னஞ்சிறு நிறுவனமாக இல்லாத பட்சத்தில், காரணம் சொல்லாமல் நீக்குவது சட்டப்படி கடினம். எல்லாவற்றுக்கும் மேல், 27 மாதத்தில் நிரந்தர வசிப்பு அனுமதி வாங்கலாம். ஜெர்மன் மொழியில் பி1 என்ற நடுத்தர அளவுக்குத் தேறினால் 21 மாதமே போதும். அதன் பிறகு வேலை போனால் கஷ்டம் வரலாம், நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டியதில்லை. நான்கு நாடுகளில் இந்தப் பாதைதான் நேராகவும் எழுத்தில் உறுதியாகவும் இருக்கிறது. விலை, மொழி. ஆங்கிலத்தை வைத்தே ஓட்டிவிடலாம் என்று போகிறவர்கள் ஐந்து வருஷம் கழித்தும் அரசுக் கடிதத்தைப் போனில் மொழிபெயர்த்துப் படித்துக்கொண்டிருப்பார்கள்.

கனடாவில் எல்லாமே எந்தக் கதவு வழியாகப் போகிறீர்கள் என்பதில் இருக்கிறது. புள்ளிகள் அடிப்படையில் ஆள் எடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி மூலம் பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) வாங்கிக்கொண்டு இறங்கினால் முதல் நாளிலிருந்தே யாரையும் நம்பி இல்லை. முதலாளி துரத்தினாலும் நீங்கள் கனடாவாசிதான். மாணவர் விசாவில் போய், படித்து, வேலை அனுமதி வாங்கி, அப்புறம் பிஆர் என்ற பாதை ஒரு காலத்தில் எளிதாக இருந்தது. இப்போது அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். 2024-ல் மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் 2025-க்கான பிஆர் இலக்கை 5 லட்சத்திலிருந்து 3,95,000-ஆகக் குறைத்தார்கள். 2023-ல், ஏஜென்ட் கொடுத்த அட்மிஷன் கடிதம் போலி என்று பல வருஷம் கழித்துத் தெரியவந்து, இந்திய மாணவர்கள் பலர் நாடுகடத்தல் உத்தரவுக்கு முன்னால் நின்றார்கள். இப்படி ஒரே நாடு ஒருவருக்குக் கோட்டையாகவும் இன்னொருவருக்கு மணல் வீடாகவும் இருக்கும்.

தெரியாமல் மாட்டிக்கொள்வது

பெட்டி கட்டும்போது அம்மா வைத்துக்கொடுக்கும் மசாலாப் பொட்டலத்தில் கசகசா இருந்தால் எடுத்து வெளியே வையுங்கள். அமீரகத்தில் அது தடைசெய்யப்பட்ட பொருள். குருமாவுக்குப் போடுவது என்று விமான நிலையத்தில் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. இருமல் மருந்தில் கோடீன், வலிமாத்திரையில் ட்ரமடால் இருந்தாலும் முன் அனுமதி வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒருவரைத் திட்டி அனுப்பினால் வழக்கு வரும். அனுமதியில்லாமல் அடுத்தவரைப் படமெடுத்துப் போட்டாலும் வரும். நம் ஊர் குடும்பக் குழுக்களின் பாஷைக்கு அந்தச் சட்டம் ஒத்துவராது.

சிங்கப்பூரின் கடுமை உலகறிந்தது. 15 கிராமுக்கு மேல் ஹெராயினோ 500 கிராமுக்கு மேல் கஞ்சாவோ கடத்தினால் மரண தண்டனை. தெரிந்தவர் கொடுத்த பார்சல் என்றாலும் தப்புவது கடினம், அதனால் யார் கொடுத்தாலும் பொட்டலம் வாங்காதீர்கள். வேப் (மின் சிகரெட்) வைத்திருப்பதே 2018 முதல் குற்றம். 2013 டிசம்பரில் லிட்டில் இந்தியாவில் கலவரம் நடந்த பிறகு, இரவு 10.30-க்கு மேல் பொது இடத்தில் குடிக்கக் கூடாது என்று 2015-ல் சட்டம் வந்தது. விதிகள் கடுமைதான், ஆனால் எழுதியபடியே நடக்கும். ஒழுங்காக இருப்பவருக்கு அது ஒரு நிம்மதி.

மகன் இருக்கும் பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்று. சிங்கப்பூரில் பெற்றோர் மூலம் பிஆர் ஆகும் ஆண் பிள்ளைகள் இரண்டு வருஷம் தேசிய சேவை (ராணுவம், போலீஸ் போன்றவற்றில் கட்டாயப் பணி) செய்ய வேண்டும். அதைத் தட்டிக்கழித்துவிட்டுப் பிற்காலத்தில் அங்கே படிக்கவோ வேலைக்கோ போக முயன்றால் சிக்கல். பிஆர் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும்போது ஐந்து வயதுப் பையனின் பதினெட்டாம் வயதையும் சேர்த்தே முடிவுசெய்கிறீர்கள்.

கனடாவிலும் ஜெர்மனியிலும் இந்த வகைப் பயம் குறைவு. ஜெர்மனியில் வரும் தொல்லையெல்லாம் காகிதம்தான்: குடிபுகுந்த 14 நாளுக்குள் முகவரியைப் பதிய வேண்டும், அது இல்லாமல் வரி எண் கூட வராது.

உடம்பும் ஆகாயமும்

மருத்துவத் தரத்தில் சிங்கப்பூருக்கு நிகரில்லை. ஆனால் பிஆர் அல்லாத வெளிநாட்டவர் முழுக் கட்டணம் கட்ட வேண்டும், கம்பெனிக் காப்பீடு வேலையோடு சேர்ந்து போய்விடும். துபாயும் ஏறக்குறைய அப்படியே. ஜெர்மனியின் பொதுக் காப்பீட்டில் வருமானமில்லாத மனைவி, குழந்தைகள் கூடுதல் சந்தா இல்லாமல் சேர்ந்துவிடுவார்கள். நாள்பட்ட நோயாளி வீட்டில் இருந்தால் இந்த ஒன்றுக்காகவே ஜெர்மனி போகலாம். கனடாவில் பில் வராது, குடும்ப டாக்டரும் எளிதில் கிடைக்க மாட்டார். காய்ச்சலோடு எமர்ஜென்சியில் மணிக்கணக்கில் உட்கார்ந்தவர்களைக் கேட்டுப்பாருங்கள்.

வளைகுடாவில் போர்ப் பயத்தை ஒதுக்கிவிட முடியாது. 1990-ல் குவைத்தில் ஈராக் நுழைந்தபோது சுமார் 1,70,000 இந்தியர்களை அம்மான் வழியாக விமானத்தில் கொண்டுவர வேண்டியிருந்தது. 2022 ஜனவரியில் அபுதாபியில் நடந்த ட்ரோன் தாக்குதலில் இறந்த மூவரில் இருவர் இந்தியர்கள். 2025 ஜூனில் கத்தாரின் அமெரிக்கத் தளத்தை ஈரான் தாக்கிய ராத்திரி அந்தப் பகுதியில் விமானங்களே நின்றன. தினசரி வாழ்க்கையில் இதெல்லாம் தெரியாது. ஆனால் சேமிப்பு முழுவதையும் அங்கே வீடு வாங்கிப் போட்டுவிடுவது எனக்கு ஒப்பவில்லை.

யாருக்கு எது

கல்யாணமாகாதவர், கடனில்லாதவர், ஐந்து வருஷம் சேர்த்துக்கொண்டு திரும்பும் எண்ணம் என்றால் துபாய். வருமான வரி இல்லை, கையில் நிற்கும். சின்னக் குழந்தைகளோடு சில வருஷம் நிம்மதியாக இருக்க சிங்கப்பூர். குடும்பத்தை அழைத்துக்கொள்ளவே மாதம் 6,000 சிங்கப்பூர் வெள்ளி நிலையான சம்பளம் வேண்டும் என்பதை மறக்காமல். நிரந்தரமாகத் தங்கப் போகிறவருக்கு, மொழி கற்கத் தயார் என்றால், ஜெர்மனி. பிஆர் கையில் இருந்தால் மட்டும் கனடா. டொரான்டோவின் ஸ்கார்பரோ பக்கம் 1983-க்குப் பிறகு வந்த ஈழத் தமிழர்கள் கட்டியெழுப்பிய வாழ்க்கை அங்கே தயாராக இருக்கிறது, கோயில், கடை, வக்கீல் எல்லாம் தமிழிலேயே கிடைக்கும்.

இந்தக் கணக்கையே புரட்டிப்போடுவது பெற்றோர். சிங்கப்பூரில் அவர்களை நீண்ட நாள் கூட வைத்துக்கொள்ள மாதச் சம்பளம் 12,000 வெள்ளியாவது வேண்டும். துபாயில் வருஷா வருஷம் புதுப்பித்து வைத்துக்கொள்ளலாம். கனடாவின் சூப்பர் விசாவில் ஒரு தடவைக்கு ஐந்து வருஷம் வரை தங்கலாம், மருத்துவக் காப்பீடு நாமே வாங்க வேண்டும். ஜெர்மனியில் 2024 மார்ச் முதல் புதிதாக ப்ளூ கார்டு வாங்கியவர்கள், செலவையும் மருத்துவக் காப்பீட்டையும் ஏற்றுக்கொண்டால், பெற்றோரை அழைத்துக்கொள்ள விண்ணப்பிக்கலாம்; மற்றவர்களுக்குப் பெரும்பாலும் 90 நாள் விசாதான். ஊரில் உடன்பிறந்தவர் யாரும் இல்லாமல், அப்பாவுக்கு எழுபது தாண்டியிருந்தால், சென்னையிலிருந்து நாலு மணி நேரத்தில் எட்டும் சிங்கப்பூரையும் துபாயையும் தாண்டி நான் யோசிக்க மாட்டேன்.