யாழ்ப்பாணம், கோண்டாவில் ஒழுங்கை முகப்புக் கடை

2020 மார்ச் 20 பின்னேரம் கொரோனாவால ஊரடங்கு போட்டபோது எங்கட வீட்டில் இருந்தது ரெண்டு சுண்டு அரிசியும் அரைப்போத்தல் நல்லெண்ணெயும்தான். அம்மாவுக்குச் சீனி வருத்தம் வேற. கடைக்கார அண்ணை ஊரடங்கு நேரம் வெளிய திரியிற பாஸ் எடுத்து, சைக்கிள் கரியரில் சாமான் கட்டி, படலைக்குப் படலை வந்தார். அரசாங்கம் பருப்பு கிலோ 65 ரூபா எண்டு கட்டுப்பாட்டு விலை போட்டது. அவரும் அதே விலைக்குத்தான் தந்தார். சில்லறையைச் சவர்க்காரத் தண்ணிக் கோப்பைக்குள்ள போடச் சொல்லுவார். கொப்பியில் எழுதின கடனை ஆவணி வரைக்கும் கேட்கவேயில்லை. அந்த நன்றியை மறக்கேலாது.

இப்பவும் அங்கதான் வாங்குறன். மிளகாய்த்தூள் அருமையான வாசம். அரிசிமா மட்டும் கொஞ்சம் கரகரப்பு, இடியப்பத்துக்கு எண்டால் ஒருக்கா அரிச்சுப்போட்டுக் குழையுங்கோ.