ஓலைப்பெட்டிக்குள்ள 100 ரூவா கணக்கு: பாளை தெற்கு பஜார்ல பாத்த ஆர்ட் ஷோ

பாளையங்கோட்டை தெற்கு பஜார் பக்கம் ஒத்தை ரூம் கடை ஒண்ண வாடகைக்குப் பிடிச்சு, மூணு பிள்ளைய கம்பெனி மாதிரியே ஒரு ஆர்ட் ஷோ போட்டிருக்காவ, நானும் எந்தம்பியும் போயிட்டு வந்தோம்.

உள்ள போனா ரிசப்ஷன், டோக்கன், கழுத்துல ஐடி கார்டு, சுவர் பூரா ‘ஸ்கேல்’, ‘டிஸ்ரப்ட்’னு போர்டு. இந்த போர்டு சமாச்சாரம் எனக்குப் பிடிக்கல. எந்த காலேஜ்ல ஸ்டார்ட்அப் விழா நடந்தாலும் நெசமாவே இதேதான் தொங்குது, அதையே இங்கன கொண்டாந்து தொங்கவிட்டா புதுசா என்ன தெரியப்போவுது?

ஆனா விக்குத பொருள் இருக்கு பாருங்க, அதுக்காகவே போலாம். கருப்பட்டி வச்சுக் குடுப்பாவள்லா, அந்த ஓலைப்பெட்டி. 100 ரூவா. பிரிச்சா உள்ள ஒரே ஒரு சீட்டு, நம்ம 100 ரூவா எங்கெங்க போச்சுன்னு தமிழ்ல எழுதியிருக்கு: பெட்டி முடைஞ்ச அம்மாவுக்கு 35, கடை வாடகைக்கு 30, அச்சடிச்ச கூலி 12, கரண்டு 8, மிச்சம் 15 மூணு பேருக்கும் ஆளுக்கு 5. அப்பா டவுன்ல பாத்திரக்கடை வச்சிருந்தப்ப ராத்திரி பேரேட்ட விரிச்சு வச்சிட்டு உக்காந்திருப்பாவ, அந்த மொகம்தான் ஞாபகம் வந்துச்சு.

இப்படி கடையையே கலையாக்குதது பழைய சோலிதான். 1961ல கிளேஸ் ஓல்டன்பர்க்னு ஒரு சிற்பி நியூயார்க்ல ஒரு கடைய எடுத்து பிளாஸ்டர்ல செஞ்ச கேக்கு, சட்டைன்னு பெயிண்ட் அடிச்சு வித்தாரு. கனடாவுல இயன் பாக்ஸ்டர், இங்க்ரிட் பாக்ஸ்டர்னு புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் என்.இ. திங் கம்பெனின்னு நெசமாவே பதிவு பண்ணி, 1969ல ஒட்டாவா நேஷனல் கேலரில கீழ்தளத்தையே கம்பெனி ஆபீஸா மாத்திட்டாவ. அந்த வரிசையில வச்சுப் பாத்தாலும் இந்த சீட்டு தனியா நிக்கும்னு நான் நம்புதேன், ஏன்னா கம்பெனிக்காரன் வெளிய காட்டாத பக்கத்தைத்தான் இவங்க விலைக்கு வச்சிருக்காவ.

எந்தம்பி வேலைய விட்டுட்டு ஒரு ஆப் கம்பெனி ஆரம்பிச்சு 14 மாசத்துல மூடுனவன், அதுக்கப்புறம் அதப்பத்தி வீட்டுல வாயே தெறக்கல. அவன் அந்த சீட்ட கையில வச்சிட்டு ரொம்ப நேரம் நின்னான். அப்புறம் கல்லாவுல இருந்த பிள்ளைகிட்ட, “வாடகை போதலன்னா யாரு போடுதிய?”ன்னு கேட்டான். அது கணக்கு நோட்ட எடுத்து இவன் பக்கமா திருப்பி வச்சு, “என் ஸ்கூட்டிய வித்துட்டேன் அண்ணே, இந்தா இந்த வரி”ன்னுச்சு. ரெண்டு பேரும் அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் பேசிட்டிருந்தாவ, நான் வெளிய போயி டீ குடிச்சிட்டு வந்தேன், அப்பவும் முடியல.

ஒரே குறை, சுவத்துல எழுதியிருக்குத விளக்கம் பூரா இங்கிலீஷ். அந்தப் பெட்டி முடைஞ்ச அம்மா வந்து பாத்தா அவுக பேரு எங்க இருக்குன்னே தெரியாது, இத மாத்தியே ஆவணும்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.

சாயங்காலம் 4 மணிக்கு மேலதான் தெறக்காவ. ஜிபே கிடையாது, 100 ரூவா நோட்டா கொண்டு போங்க.