12 வெள்ளிக்கு ஒரு நெப்ராஸ்கா வரைபடம்

சிங்கப்பூர் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் ஒரு பழைய புத்தகக் கடையில் வாங்கினேன். அமெரிக்க நெப்ராஸ்கா மாநிலத்தின் சாலை வரைபடம். விரித்தால் யீஷூன் வீட்டுச் சாப்பாட்டு மேசையே மறைந்துவிடும்.

வாங்கியது மொனோவை என்ற ஊருக்காகத்தான். வடக்கு ஓரத்தில், பாய்ட் கவுண்டியில், நயோபிராரா, மிசௌரி ஆறுகளுக்கு நடுவே இருக்கிறது. பெயர் அரிசி நொய் அளவு, பூதக்கண்ணாடி வேண்டும். பின்பக்கப் பட்டியலில் மக்கள்தொகை 2 என்று போட்டிருக்கிறது. அச்சுப்பிழை இல்லை. 2000 கணக்கெடுப்பின்போது அங்கே இருந்தது ஒரு கணவனும் மனைவியும்தான். 2004இல் கணவர் இறந்துவிட, 2010இல் 1 ஆனது. அந்த அம்மாவே மேயர், மதுக்கடைக்காரர், நூலகர் எல்லாம்.

1902இல் ரயில் பாதையோடு பிறந்த ஊர். 1930களில் சுமார் 150 பேர் இருந்தார்கள். தபால் நிலையம் 1967-70 வாக்கில் மூடப்பட்டது. 2020 கணக்கில் மறுபடியும் 2! யாரும் குடிவரவில்லை, தனிநபர் விவரம் தெரியாமலிருக்க அமெரிக்கக் கணக்கெடுப்பில் சின்ன ஊர்களின் எண்களைக் கொஞ்சம் மாற்றித்தான் வெளியிடுகிறார்கள்.

"ஏங்க, நம்ம லிஃப்ட்லயே இதைவிட ஆள் அதிகம்" என்றாள் மனைவி.

ஒரு குறை. "மடிப்பெல்லாம் நல்லா இருக்கு" என்றார் கடைக்காரர். வீட்டில் விரித்தால் சரியாக மிசௌரி ஆற்றின் மேலேயே கிழிசல், அதன்மேல் மஞ்சளான டேப். 8 வெள்ளிக்குக் கேட்டிருக்கலாம். நீங்கள் போனால் கடையிலேயே முழுசாக விரித்துப் பாருங்கள்.