பென்னாகரம் ரோட்டு மெஸ்: தயிரை விடுங்கள், மோர் கேளுங்கள்

தருமபுரி பென்னாகரம் ரோட்டில் 'ஆயுர்வேத முறைச் சாப்பாடு, சட்டித் தயிர் எங்கள் ஸ்பெஷல்' என்று போர்டு வைத்த ஒரு மெஸ். குறையும் சொல்லப் போவதால் பெயர் வேண்டாம். ராகிக் களி, கீரைக் கடைசல், கொள்ளு ரசம் மூன்றுமே பிரமாதம், களியில் கட்டி என்பதே இல்லை.

தயிர்தான் பிரச்சினை. மண்சட்டியில் மேலே ஆடை கெட்டியாக இருக்கிறது, கரண்டியை விட்டால் அடியில் பால் அப்படியே நிற்கிறது. மார்கழிக் குளிரில் உறைய நேரமாகும், சரி, அதற்காக அரைகுறையாகவா பரிமாறுவது? இப்படிப் பாதி உறைந்த தயிரை மந்தகம் என்று சொல்லி, வாதம், பித்தம், கபம் என்ற மூன்று தோஷத்தையும் கிளப்பும் என்று ஆயுர்வேதமே ஒதுக்கி வைத்திருக்கிறது.

சுவரில் வேறு 'தயிர் குளிர்ச்சி, மூன்று வேளையும் சாப்பிடலாம்' என்று எழுதியிருக்கிறார்கள். ஆயுர்வேதம் சொல்வது நேர் எதிர்: தயிர் உஷ்ண வீரியம், அதாவது உடம்பில் சூட்டைக் கூட்டும், செரிக்க நேரமாகும், வாதத்தைத் தணித்தாலும் கபத்தையும் பித்தத்தையும் கூட்டும். ராத்திரியில் வேண்டாம், சூடாக்க வேண்டாம், வெறும் தயிராகவும் வேண்டாம், நெய்யோ சர்க்கரையோ தேனோ பாசிப்பயறுச் சாறோ நெல்லிக்காயோ ஏதாவது ஒன்றைச் சேர்த்துக்கொள் என்கிறது ஆயுர்வேதத்தின் பழைய நூலான சரக சம்ஹிதை. இவர்களோ ராத்திரி ஒன்பது மணிக்குத் தயிர் சாதம் போடுகிறார்கள். (குளிர்காலத்தில் தயிர் ஆகாது என்று நம் வீடுகளில் சொல்வார்கள், ஆனால் அந்த நூல்படி பனிக்காலமும் மழைக்காலமும் பரவாயில்லை, வசந்த காலமும் கோடையும், மழைக்குப் பிந்தைய சரத் காலமும்தான் ஆகாது!) மத்தியானம் தயிர் சாப்பிட்டு வயிறு ஒன்றும் சொல்லாதவர்கள் இதற்கெல்லாம் பயப்பட வேண்டியதில்லை, மந்தமும் சளியும் உள்ளவர்கள் யோசிக்கலாம்.

ஆனால் மோர், அடடா. மத்தால் கடைந்து வெண்ணெய் எடுத்த மோர், வறுத்துப் பொடித்த சீரகம், நசுக்கிய இஞ்சி, பெருங்காயம், கறிவேப்பிலை, புளிப்பு நாக்கைக் கடிக்காத பக்குவம். ஜீரண சக்தியைத் தூண்டும் என்று மூலத்துக்கும், கிரகணி என்ற நாள்பட்ட குடல் கோளாறுக்கும் ஆயுர்வேதம் மோரைத்தான் சொல்கிறது, போர்டில் போட வேண்டியதே இதுதான். "அக்கா, தயிருக்குப் பதிலா மோர் குடுங்க" என்றதும், "எவ்வளவு வேணும்னாலும் வாங்கிக்கோ தம்பி, மோருக்குக் காசில்ல" என்று சொம்போடு வைத்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல் போகிற கூட்டம் மொத்தமும் இங்கேதான் இறங்கும், ஒரு மணிக்குள் போய்விடுங்கள், அதற்கப்புறம் மோரில் மோரைத் தேட வேண்டியிருக்கும்.