ஹெச்.எம்.வி 102: பழுது பார்த்துப் பாடவிட்ட அனுபவம்

எங்கள் வீட்டுப் பரணில் கிடந்த ஹெச்.எம்.வி 102 பெட்டி கிராமஃபோன் இது. 1931-இல் வந்த மாடல், 1950-களின் பிற்பகுதி வரை விற்றது. குழல் வெளியே தெரியாது. மோட்டார் பலகைக்கு அடியில் மடங்கிக் கிடக்கும். மூடியிலேயே ரெக்கார்டு வைக்கத் தட்டு உண்டு. சாவி கொடுத்தால் பாடும், கரண்ட் வேண்டாம். சரி செய்து சில வருஷங்களாக அடிக்கடி பாடவிடுகிறேன். என் கணக்கில் இதற்கு ஒரிஜினல் பாகம் தேடி அலைய வேண்டியது இரண்டுக்குத்தான்: வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர், ஊசியின் அதிர்வை ஒலியாக்கும் சவுண்ட் பாக்ஸ். மற்றதற்கெல்லாம் புதுசே மேல்.

பாட்டுக்கு நடுவே ‘தொம்’ என்று அடித்து வேகம் தடுமாறினால் ஸ்பிரிங் போய்விட்டது என்பார்கள். பெரும்பாலும் உள்ளே இருக்கும் பழைய கிரீஸ் இறுகியிருக்கும். சுருள்கள் ஒட்டிக்கொண்டு திடீரென விடுபடும் சத்தம்தான் அது. மண்ணெண்ணெயில் கழுவி கிராஃபைட் கிரீஸ் தடவினால் போதும். ஆனால் ஸ்பிரிங் டப்பாவைப் பழக்கமில்லாதவர்கள் திறக்க வேண்டாம், துள்ளி வந்தால் கையைக் கிழித்துவிடும். ஸ்பிரிங் உண்மையிலேயே உடைந்திருந்தால் அகலம், கனம், நீளத்தோடு முனை எப்படி மாட்டுகிறது என்பதையும் பார்த்துப் புதிதாக வாங்குங்கள். துருவேறிய பழைய ஸ்பிரிங்கை நம்ப முடியாது.

கவர்னர் வேறு கதை. மெல்லிய தகடுகளில் மூன்று எடைகள். சுழலும்போது விரிந்து ஒரு வட்டைத் தோல் துண்டின் மேல் உரசவிட்டு வேகத்தைக் கட்டுப்படுத்தும். தகட்டின் கனம் கொஞ்சம் மாறினாலும் வேகம் நிமிடத்துக்கு 78 சுற்றில் நிற்காது. அதே மோட்டாரிலிருந்து கழற்றியது கிடைத்தால் விடாதீர்கள். வேகம் பார்க்க, சுழலும் தட்டின் மேல் வைக்கும் 77 கோடு போட்ட ஸ்ட்ரோப் அட்டை ஒன்று வைத்திருக்கிறேன். சோக் போட்ட பழைய டியூப்லைட் வெளிச்சத்தில் கோடுகள் அசையாமல் நின்றால் சரி. எல்.ஈ.டி பல்பில் பெரும்பாலும் இது தெரியாது.

சவுண்ட் பாக்ஸ்தான் உண்மையான தலைவலி. இதில் வரும் 5ஏ, 5பி வகைகளின் உடல் துத்தநாகக் கலவை வார்ப்பு. அந்தக் காலத்து வார்ப்பில் ஈயம் கலந்திருந்தால் நாளாக ஆக உப்பி, விரிசல் விடும். ஈரக்காற்று அதை இன்னும் துரிதப்படுத்தும்; கடலோர ஊர்க்காரர்கள் கவனிக்க. வாங்கும்போது முன்பக்கப் பளபளப்பைப் பார்த்து மயங்காமல், ஒலியைக் குழலுக்குக் கொண்டுபோகும் கைக்குழாயில் செருகும் பின்பக்கத்தின் படம் கேளுங்கள். உள்ளே இருக்கும் அலுமினியத் தகடு நசுங்காமல் இருக்க வேண்டும். அதைச் சுற்றியுள்ள ரப்பரை மட்டும் புதிதாகப் போட்டுவிடுங்கள். பழையது கல்லாகியிருக்கும், கரகரப்புக்குப் பாதிக் காரணம் அதுதான். அந்தக் கல்லையும் ‘ஒரிஜினல்’ என்று விலை வைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள்!

பாகம் தேடிப் பழைய சாமான் கடைகளுக்குப் போனால் பெரிய பித்தளைக் குழல், நாய்ப்படம் எல்லாம் வைத்த ‘ஆன்டிக்’ கிராமஃபோன்கள் கண்ணில் படும். பெட்டியும் குழலும் சமீபத்தில் செய்தவை. மோட்டார் மட்டும் பெரும்பாலும் ஏதாவது பெட்டி கிராமஃபோனை உடைத்து எடுத்தது. நல்ல 102-கள் இப்படி அழிவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஆனாலும் மோட்டார் பலகையைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள், உங்களுக்குத் தேவையான கவர்னர் அங்கேயே இருக்கலாம்.

தொடர் செலவு என்றால் ஊசிதான். ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி, கஞ்சத்தனம் கூடாது. அரக்கு ரெக்கார்டில் கலந்திருக்கும் கல்தூள் ஊசியைத் தேய்த்துவிடும், தேய்ந்த ஊசி அடுத்த ரெக்கார்டைச் சுரண்டும். ஊசி முனையில் 100 கிராமுக்கும் மேல் பாரம் இறங்குவதால் பிற்காலத்து பிளாஸ்டிக் எல்.பி ரெக்கார்டை இதில் வைக்கவே கூடாது. எஃகு ஊசி புதிதாகவும் கிடைக்கிறது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகு கிடையாது, தடித்த ஊசி போட்டால் சத்தம், மெல்லியது போட்டால் அடக்கம்.

கேட்க எப்படி? குரலும் நாகஸ்வரமும் அறையை நிறைக்கின்றன. மிருதங்கத்தின் தாழ்ந்த நாதம் தரும் தொப்பிப் பக்கத்தை மட்டும் நாமே கற்பனை செய்துகொள்ள வேண்டியதுதான். பாட்டு முடிந்ததும் தானாக நிற்க வேண்டிய பிரேக் இன்னும் சண்டித்தனம் செய்கிறது. அதற்கு ஒரிஜினல் தேடும் எண்ணமில்லை, கையால் நிறுத்திவிடுகிறேன்.