கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம்: அவசியம் பாருங்கள்

கொடைக்கானல் வருகிறவர்கள் ஏரி, தூண் பாறை, குணா குகை என்று சுற்றிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். எங்களை ஏற்றிவந்த கார் ஓட்டுநரும் "அப்சர்வேட்டரில என்ன சார் இருக்கு, அஞ்சு நிமிஷத்துல வந்துடுவீங்க" என்றார். அப்படி யாராவது சொன்னால் கேட்காதீர்கள், குழந்தைகளோடு வந்திருந்தால் கண்டிப்பாகப் போங்கள்.

பார்வையாளர்களுக்கான அருங்காட்சியகம் சின்னதுதான். ஆனால் வானம் தெளிவாக இருந்தால் அந்த நேரத்துச் சூரியனையே உள்ளே பிம்பமாக விழவைத்துக் காட்டுகிறார்கள். அதில் மிளகு அளவுக்குத் தெரிகிற கரும்புள்ளி, நிஜத்தில் பூமியையே விழுங்கக்கூடிய அளவு பெரிதாக இருக்கலாம். பக்கத்திலேயே சூரிய ஒளியைப் பிரித்த வண்ணப்பட்டை, அதன் குறுக்கே மெல்லிய கறுப்புக் கோடுகள். அந்தக் கோடுகளை அவசரப்படாமல் பாருங்கள். 1909-இல் ஆங்கிலேய வானியலாளர் ஜான் எவர்ஷெட் இதே வளாகத்தில் இருந்துதான், கரும்புள்ளியின் ஓரப் பகுதியில் அந்தக் கோடுகள் லேசாக இடம் மாறுவதைக் கவனித்து (வாயு நம்மை நோக்கியோ விலகியோ நகர்ந்தால் கோடுகள் இப்படி நகரும்), அங்கே வாயு வெளிப்பக்கமாகப் பாய்கிறது என்று கண்டுபிடித்தார். உலகம் முழுக்கப் பாடப் புத்தகங்களில் இன்றும் 'எவர்ஷெட் விளைவு' என்றே பெயர்.

இந்த ஆய்வுக்கூடத்துக்கு அன்றைய ஆங்கிலேய அரசாங்கம் ஏன் பணம் போட்டது என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த கதை. தாது வருஷப் பஞ்சத்தில் (1876-78) சென்னை மாகாணம் செத்து மடிந்த பிறகு, சூரியனின் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்குமோ, இருந்தால் பஞ்சத்தை முன்கூட்டியே சொல்லலாமோ என்ற யோசனை வந்தது. அப்புறம்தான் மலை உச்சியில் இடம் தேடி 1899-இல் இதைத் தொடங்கினார்கள். கரும்புள்ளியை வைத்து மழையைச் சொல்லும் வித்தை கடைசிவரை கைகூடவில்லை. ஆனால் 1904 முதல் வானம் விட்ட நாளெல்லாம் சூரியனைப் படம் எடுத்துக் கண்ணாடித் தட்டிலும் ஃபிலிமிலும் சேர்த்துவைத்தார்களே, நூறு வருஷத்துக்கு மேல் ஒரே இடத்தில், ஆள் மாறினாலும் ஆட்சி மாறினாலும் விடாமல் எடுத்த அந்தத் தொகுப்புக்கு இன்று உலகத்தில் இணை ரொம்பக் குறைவு. சுமார் 11 வருஷத்துக்கு ஒருமுறை கரும்புள்ளிகள் கூடிக் குறைவதை ஆராய்கிறவர்கள் இதைத் தேடி வருகிறார்கள். மூன்று வருஷத் திட்டம், உடனே பலன் என்று மட்டும் பார்த்துப் பணம் கொடுத்திருந்தால் இது நடந்தே இருக்காது.

இதில் எனக்கு ரொம்பப் பெருமையான விஷயம், அந்தப் படங்களைப் பூட்டிவைக்கவில்லை என்பது. இதை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் பணத்தில், அதாவது நம் வரிப்பணத்தில் நடக்கிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். பெங்களூரில் ஆராய்ச்சி செய்கிறவருக்கும் பழனியில் கல்லூரியில் படிக்கிற பிள்ளைக்கும் கிடைப்பது ஒரே தரவுதான். இயற்பியல் ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரு மாதப் படங்களை இறக்கி, கரும்புள்ளி நாளுக்கு நாள் நகர்வதை வைத்துச் சூரியனின் சுழற்சியை மாணவர்களையே கணக்கிடச் சொல்லுங்கள்.

போவதென்றால் காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் மூடுபனி ஏறிவிட்டால் பிம்பம் கிடைக்காது. திறக்கும் நேரம் சீசனுக்குச் சீசன் மாறும், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கிற ஊழியர்களிடம் கூச்சப்படாமல் கேள்வி கேளுங்கள்.